உன்னதப்பாட்டின் நாயகியும் பண்டைய பெண் தெய்வங்களும்

உன்னதப்பாட்டு எபிரேய விவிலியத்தில் உள்ள காதல் கவிதை நூலாகும். 8 அதிகாரங்களும் 117 வசனங்களும் கொண்ட இந்நூல், திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பில் 'இனிமைமிகு பாடல்' எனப்படுகிறது. இதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி பெண்ணின் கூற்று. அப்பெண் யார் என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. யூத மரபு அவளை இஸ்ரயேல் மக்களின் உருவகமாகவும், கிறித்தவ மரபு திருச்சபையின் உருவகமாகவும் கொண்டது. 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் சிலர் அவளிடம் பண்டைய பெண் தெய்வத்தின் சாயலைக் கண்டனர்.

தெய்வ வழிபாட்டு விளக்கம்

இந்நூல் தம்மூஸ் வழிபாட்டுப் பாடல்களிலிருந்து தோன்றியது என 1922இல் தியோபில் மீக் கருதினார். சாமுவேல் நோவா கிராமர் 1969இல் வெளியிட்ட நூலில், சுமேரியரின் இனன்னா – துமுசி திருமணப் பாடல்களோடு இதனை ஒப்பிட்டார். இரண்டிலும் பெண் தன் விருப்பத்தைத் தயங்காமல் சொல்கிறாள். காதலன் மேய்ப்பனாக வருகிறான். காதலுக்கும் போருக்கும் உரிய இஷ்தாரின் விலங்கு சிங்கம். உன்னதப்பாட்டின் காதலியும் சிங்கங்களின் குகைகளிலிருந்து இறங்கி வருமாறு அழைக்கப்படுகிறாள் (4:8). விடியல், நிலவு, கதிரவன், கொடியேந்திய படை ஆகியவை அவளுக்கு உவமைகளாகின்றன (6:10). இந்த ஒப்புமைகளைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒப்புமையின் எல்லை

ஆயினும் கதைப்போக்கு வேறுபடுகிறது. பாதாளத்திற்குச் செல்லும் இனன்னா ஏழு வாயில்களில் தன் அணிகளையும் ஆடையையும் இழக்கிறாள். பின்னர் மீண்டு வந்து, தனக்கு ஈடாகத் துமுசியைப் பாதாளத்திற்கு அனுப்புகிறாள். உன்னதப்பாட்டின் பெண்ணோ இரவில் காதலனைத் தேடித் தெருவில் அலைகிறாள். நகரக் காவலர் அவளை அடித்துக் காயப்படுத்தி, மேலாடையைப் பறிக்கின்றனர் (5:7). இதில் பாதாளமும் இல்லை; காதலன் இறப்பதும் இல்லை.

அவளது கருநிறத்தை மார்வின் போப் 1977இல் எழுதிய உரையில் காளி உள்ளிட்ட கரிய தெய்வங்களோடு தொடர்புபடுத்தினார். ஆனால் கவிதையே அதற்குக் காரணம் கூறுகிறது. சகோதரர்கள் சினம்கொண்டு அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பினர். அங்கே வெயில் அவளைக் கருக்கியது (1:6). இது குடும்பக் கட்டுப்பாட்டையும் உழைப்பையும் அறிந்த பெண்ணின் பேச்சு.

காதலும் மரணமும்

உகாரித்துக் கதையில் பாகாலைக் கொன்ற மரண தெய்வமான மோத்தை அனாத்து என்னும் பெண் தெய்வம் வெட்டி அழிக்கிறாள். காதல் மரணத்தைப் போல் வலியது என்று உன்னதப்பாட்டின் பெண் கூறும் இடத்தில் (8:6), மரணத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் மோத்தின் பெயரோடு உறவுடையது. அங்கே தழலைக் குறிக்கும் சொல்லும் ரெசேப்பு என்னும் கானானியத் தெய்வத்தின் பெயரை ஒத்தது. எனினும் இங்கே போரிடும் தெய்வம் இல்லை. அந்த வலிமை மனிதக் காதலுக்கே உரியதாகச் சொல்லப்படுகிறது.

பிற ஒப்பீடுகள்

மைக்கேல் ஃபாக்ஸ் 1985இல் இந்நூலை எகிப்தியக் காதல் பாடல்களோடு ஒப்பிட்டார். காதலியைச் 'சகோதரி' என்றழைக்கும் வழக்கம் இரண்டிலும் உண்டு. எகிப்தியப் பாடல்களின் காதலர் மானிடரே. சங்க அகப்பாடல்களோடு செய்யப்பட்ட ஒப்பீடுகளும் உள்ளன. சைம் ராபின் 1973இலும் ஆபிரகாம் மரியசெல்வம் 1988இலும் இதைச் செய்தனர். காதலை வெளிப்படையாகப் பேசும் தலைவி, அவள் கூற்றைக் கேட்கும் தோழியர், உணர்வோடு இயைந்த இயற்கை ஆகியவற்றை இரு மரபுகளிலும் காணலாம்.

மதிப்பீடு

பெண் தெய்வங்களைப் பாடிய மொழி இக்கவிதைக்கு வளம் சேர்த்துள்ளது எனக் கொள்வது பொருத்தமானது. அதனால் நாயகியே தெய்வம் என முடிவு செய்தால், காவலர் அடித்த அடி சடங்காகவும், வெயிலில் கறுத்த மேனி குறியீடாகவும் மாறிவிடும். உருவக விளக்கத்திலும் இதே இழப்பு நேர்கிறது. இரண்டிலும் அவள் தன்னைப் பற்றிக் கூறுவது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தெய்வத்திற்குரிய உவமைகளைத் தோட்டக் காவலுக்குச் சென்ற ஒரு பெண்ணுக்குச் சூட்டியிருப்பதே உன்னதப்பாட்டின் தனிச்சிறப்பு.