கீறல் விழுந்த தட்டுகள்

“சாதி சாதின்னு கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி இன்னும் எத்தினி நாளைக்குப் பேசுவீங்க?” என்று நம்மைக் கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அப்படிக் கேட்கிற வட்டாரத்தில் இப்போது பழைய இசைத்தட்டு தேடுகிற மோகம் பரவியிருக்கிறது. தட்டின் கறுப்பு மினுக்கம், உறையின் வாசனை, முள் இறங்கும்போது வரும் அந்தச் சின்ன ஓசை என்று உருகி உருகி எழுதுகிறார்கள். எழுதட்டும். இந்தத் தேடலில் எதைப் பொறுக்குகிறார்கள், எதைக் கழிக்கிறார்கள் என்பதுதான் நமது கேள்வி.

சென்னையில் இந்தத் தேடலைப் பற்றிப் பேசுகிற யாரும் மூர் மார்க்கெட்டில்தான் தொடங்குவார்கள். 1900-இல் திறக்கப்பட்டது. 1985 மே 30-ஆம் தேதி எரிந்துபோனது. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்தன. அந்தச் சிவப்புக் கட்டடத்துக்காக எத்தனையோ பேர் கண்ணீர் விட்டு எழுதியாகிவிட்டது. ஆனால் தட்டு அந்தக் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தது? “ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று தெருத்தெருவாய்க் கத்திப் போனவர்கள், தலைச்சுமையாகவும் கைவண்டியிலும் பழைய பேப்பர் எடுத்தவர்கள், குப்பை கிளறியவர்கள் - இவர்கள் கைபட்டுத்தான் வந்தது. கண்டெடுத்தவன் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. காசு கொடுத்து வாங்கினவன் ‘கண்டுபிடித்தவன்’ ஆகிவிடுகிறான்.

தட்டு செய்த பொருளையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்திச் செய்வார்கள். கல்கத்தாவில் 1908-இல் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. அரக்கு வந்தது பெரும்பாலும் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து. புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் பூச்சி கட்டிய அரக்கைக் கிளையோடு வெட்டிச் சுரண்டி எடுத்தவர்கள் முண்டா, உராவோன் முதலிய ஆதிவாசிகள். அவர்கள் சுரண்டிக் கொடுத்த அரக்கின்மேல் ஊரார் பாட்டு ஏறியது.

யார் பாட்டு ஏறியது என்பதிலும் சேதி இருக்கிறது. 1902-இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவு தொடங்கியபோது குழாய்க்கு முன்னால் வந்து நின்றவர்களில் கௌஹர் ஜான் முக்கியமானவர். தெற்கிலும் தேவதாசி மரபுப் பெண்கள் தொடக்கத்திலேயே பாடிவிட்டார்கள். ‘கௌரவமான’ குடும்பம் என்று சொல்லிக்கொண்டவர்கள் தயங்கி நின்ற இடத்தில் இவர்கள் துணிந்து நின்றார்கள். அந்த அளவுக்கு இந்த இயந்திரம் ஒரு கதவைத் திறந்தது உண்மை. ஆனால் கதவு முழுக்கத் திறக்கவில்லை. கீர்த்தனை, நாடகப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு என்று தட்டு வந்தது. நம் வீட்டுச் சாவுக்கு அடித்த பறையையும் நம் கிழவிகள் வைத்த ஒப்பாரியையும் தட்டு தட்டாய்ப் புரட்டித் தேடினாலும் கிடைப்பது அரிது.

அப்படியானால் பழைய தட்டில் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சேகரிப்பாளர்கள் கழித்துப் போடுகிற தட்டில் இருக்கிறது.

அவர்களிடம் ஒரு தரவரிசை உண்டு. கைபடாத தட்டு ‘மின்ட்’. கீறல் கூடக்கூட மதிப்பு இறங்கும். தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் பேனாவால் எழுதியிருந்தாலோ ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தாலோ இன்னும் இறங்கும். அந்த ஸ்டாம்பைப் படித்துப் பாருங்கள். ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸின் பெயரும் ஊரும் இருக்கும். அது மைக் செட்காரர் தட்டு.

செங்கல்பட்டுப் பக்கம் சேரியில் மைக் செட் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் தேய்ந்த தட்டுகளைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: “ஒரு கல்யாணத்துக்கு ஒரே பாட்ட இருவது வாட்டி போடச் சொல்லுவாங்க தம்பி. முள்ளு தாண்டிச்சின்னா அதும்மேல எட்டணாக் காசு வெச்சி ஓட்டுவோம். தட்டு தேயுமேன்னு பாத்தா பொழப்பு எப்பிடி ஓடும்? பனமரத்துல குழாயக் கட்டிட்டா ஊருத் தெரு வரைக்கும் கேக்கும். நாங்க செருப்பு போட்டு நடக்க முடியாத தெரு அது. பாட்டு மட்டும் யாரையும் கேக்காம உள்ள போச்சு. குழாய அந்தாண்ட திருப்புடான்னு வந்து நிப்பாங்க. திருப்புவோம். அவங்க போனதும் மறுபடி இந்தாண்ட திருப்பிடுவோம்.”

இசைத்தட்டின் சமூக வரலாறு என்று எழுதினால் இதுவும் அதில் வரவேண்டும். 1976-இல் வந்த ‘அன்னக்கிளி’ பாட்டுத் தட்டைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அந்தப் பாட்டைத் தட்டு வாங்க வக்கில்லாத சனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை டீக்கடையும் மைக் செட்டும். பலபேர் சேர்ந்து கேட்ட தட்டில் கீறல் விழத்தான் செய்யும். கீறல் விழாத தட்டு அலமாரியிலேயே இருந்த தட்டு. அலமாரி யார் வீட்டில் இருந்தது என்று நமக்குத் தெரியும்.

தேய்ந்த தட்டை வேறுவிதமாகப் பார்த்தவர்கள் உண்டு. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியின் கறுப்பின இளைஞர்கள் பழைய தட்டுகளைத் தேடித்தேடி எடுத்தார்கள். அலமாரியில் அடுக்குவதற்காக அல்ல. 1973 ஆகஸ்ட் 11 அன்று ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் கூல் ஹெர்க், தன் தங்கை நடத்திய விருந்தில் தட்டுப் போட்டான். ஒரே தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டும் உத்தி அவனிடமிருந்து வளர்ந்தது. சில வருடங்களில் தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து, முள் உரசும் ஓசையையே வாத்தியமாக்கினார்கள் அந்தப் பகுதிப் பையன்கள். ஹிப்ஹாப் அங்கிருந்து வந்தது. திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்வது குறை என்று அவர்கள் நினைக்கவில்லை.

சேகரிப்பாளர்களை ஏசுவது நம் வேலை அல்ல. கம்பெனிகளே கைவிட்ட குரல்களைக் காப்பாற்றியவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் ஆவணம் என்று சொல்லிப் பாடகர், ராகம், கம்பெனி, வருடம் என்று மட்டும் குறித்துவிட்டு, இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றுகிறபோது கேட்டவர்களின் வரலாறும் சேர்ந்து துடைக்கப்படுகிறது. ‘சுத்தம்’ என்கிற சொல் நமக்குப் பழக்கமானதுதான்.

ஆகவே தோழர்களே, பழைய இரும்புக் கடையில் ஸ்டாம்பு குத்திய தட்டு கிடைத்தால் விடாதீர்கள். பாட்டு என்னவாக இருந்தாலும் சரி. ஸ்டாம்பில் உள்ள பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குப் போய், மைக் செட் வைத்திருந்தவர் குடும்பம் எது, குழாயை எங்கே கட்டினார்கள், யார் வந்து திருப்பச் சொன்னார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பதிவு செய்யுங்கள். அந்தத் தலைமுறை வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தட்டு அடுத்த வருடமும் கிடைக்கும். ஆள் கிடைக்கமாட்டார்.