பூஜ்யமா, வெற்றிடமா?

புழல் ஏரியை அறியாத சென்னைவாசி இல்லை. அதன் முழுக் கொள்ளளவு 330 கோடி கன அடி. இவ்வேரியின் நீர் நிலவரத்தையும், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் முதலியவற்றின் நிலவரத்தையும் சென்னைக் குடிநீர் வாரியம் இணையத்தில் பட்டியலாக வெளியிட்டு வருகிறது. அதைப் போன்றதொரு பட்டியலைத் தம் கணிப்பொறியில் தாமே அமைத்துப் பார்ப்பது மாணவர்களுக்கு மிக நல்ல பயிற்சி.

இதற்கு ஏற்ற கருவி பி.எச்.பி. என்னும் நிரல்மொழி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் இதை 1995-இல் வெளியிட்டார். நாம் ஒரு பக்கத்தைக் கேட்டதும், மறுமுனையிலுள்ள சர்வர் கணிப்பொறி இம்மொழியில் எழுதிய ஆணைகளை நிறைவேற்றி, மை.எஸ்.க்யூ.எல். தகவல் கிடங்கிலிருந்து அன்றைய எண்களை எடுத்து, பக்கத்தை அந்த நொடியில் சமைத்து அனுப்புகிறது. தேவையான யாவும் சாம்ப் என்ற ஒரே தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாலை நேரம் போதும்.

அந்த ஒரு மாலையோடு நின்றுவிடுவதுதான் தொடக்கப் பாடங்கள் பலவற்றின் குறை. திரையில் பட்டியல் தெரிந்தால் வேலை முடிந்தது என்கின்றன. தெரிவது உண்மைதானா என்று கேட்பதில்லை.

2019 ஜூனில் புழல் ஏரி ஏறக்குறைய முழுவதும் வறண்டது. அந்நாளில் ஓர் ஊழியர் கரையில் நின்று அளவைப் பார்த்து, நம் படிவத்தில் '0' என்று பதிவதாகக் கொள்வோம். அதற்கு முந்தைய நாள் அவர் விடுமுறை. கட்டம் காலியாகவே வந்தது. முதலாவது ஏரியைப் பற்றிய செய்தி. இரண்டாவது நமது அறியாமை. இரண்டும் ஒன்றாகுமா? பாடங்கள் கற்பிக்கும் 'எம்ப்டி' என்ற சோதனைக்கு இரண்டும் ஒன்றே! காலிக் கட்டத்தையும் அது வெறுமை என்கிறது, '0' என்ற விடையையும் வெறுமை என்கிறது. "நீர் அளவை நிரப்புக" என்று ஊழியரிடம் மீண்டும் கேட்கும். நாலு முறை கேட்டால் மனிதர் என்ன செய்வார்? '1' என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.

மறுபுறத் தவறு இன்னும் நுட்பமானது. மை.எஸ்.க்யூ.எல். 5.7 பதிப்பிலிருந்து (2015) கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்குகிறது. எண்ணுக்குரிய இடத்தில் வெற்றுச் சொல்லை அது ஏற்பதில்லை. பிழைச் செய்தி வருகிறதே என்று இக்கண்டிப்பை நீக்கிவிடச் சொல்லும் பாடங்களும் உண்டு. நீக்கினால் காலிக் கட்டம் ஓசையின்றிப் பூஜ்யமாகிவிடும். மூன்று நாள் மழை 60, பதிவில்லை, 30 மில்லிமீட்டர் என்றால், பதிவில்லாத நாளை 'நல்' எனக் குறித்துவைத்தால் சராசரி 45 வரும். பூஜ்யமாகிவிட்டால் 30 தான். மழையே குறைந்ததாக நாம் நம்பிவிடுவோம்.

திருத்துவது கடினமன்று. வந்தது வெற்றுச் சொல்லா என்பதை மூன்று சமக்குறி இட்டுக் கேட்க வேண்டும்; ஆம் எனில் 'நல்' என்று பதிய வேண்டும்; பட்டியலில் அதைச் சிறு கோடாகக் காட்ட வேண்டும். இரண்டு சமக்குறியில் பூஜ்யமும் வெற்றுச் சொல்லும் சமம் என்றிருந்த பழைய விதியை 2020-இல் வந்த பி.எச்.பி. 8 மாற்றிவிட்டது. 'எம்ப்டி' மட்டும் பழையபடியே இருக்கிறது.