யாருடைய அந்தரங்கம்?

தரவு உரிமை பற்றிய நம் சொல்லாடல்கள் அனைத்தும் ‘பயனர்’ என்ற சொல்லில்தான் தொடங்குகின்றன. கையில் ஒரு போன், அதில் ஒரு கணக்கு, ‘சம்மதம்’ என்று அழுத்த ஒரு விரல். சட்டம் கட்டமைக்கும் தன்னிலை இதுதான். சாத்தூர், சிவகாசிப் பக்கமிருந்து பார்க்கிற எனக்கு இந்த ஆளை அடையாளம் தெரியவில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இந்த இரண்டு வெடிவிபத்துகளுக்கும் நடுவில் இங்கே எல்லார் கைக்கும் வாட்ஸப் வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் ஆலையில் சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் கருகிய உடல்கள் குரூப்புகளில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. தீக்காயத்தோடு பிழைத்த ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: “துணியில்லாமக் கெடந்த என்னய எவனோ படம் புடிச்சு அனுப்பிட்டான். அத அழிக்கச் சொல்லி யாருகிட்டப் போயி நிக்க?”

இந்தக் கேள்வியோடு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்தேன். தனிநபரை ‘அவள்’ என்றே குறிப்பிடுகிற சட்டம் அது. ஆனால் யார் அந்த ‘அவள்’? அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிற 12-வது பிரிவு, ஏற்கெனவே சம்மதம் கொடுத்த தரவுக்குத்தான் அந்த உரிமை என்கிறது. அக்காவிடம் யாரும் சம்மதம் கேட்கவே இல்லை. கேட்காததாலேயே அழிக்கச் சொல்லும் உரிமையும் இல்லாமல் போகிறது! போதாததற்கு, தனிநபர்கள் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தரவுக்குச் சட்டமே பொருந்தாது என்கிறது 3-வது பிரிவு. குரூப்பில் அனுப்புகிறவன் இதற்குள் ஒளிந்துகொள்ளப் பார்ப்பான். வேறு சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம்தான். அது குற்றவாளியைத் தேடும் வழி. தன் படத்தின்மேல் அக்காவுக்குள்ள உரிமை அல்ல.

மறுபக்கத்தைப் பார்ப்போம். உரிமம் ஒருவர் பெயரில், வேலை நடப்பது உள்குத்தகைக்காரர் கையில் என்பது இந்த வட்டாரத்தில் ஊரறிந்த ரகசியம். அந்தப் பெயர்களை வெளியே இழுக்க நம்மிடம் இருந்த கருவி 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். புதிய சட்டத்தின் 44(3) பிரிவு அதில் கை வைத்தது. பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம் என்பது போன்ற பழைய நிபந்தனைகளை 8(1)(ஜே)-யிலிருந்து வெட்டிவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாக்கியது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது இந்தத் திருத்தம் உடனே அமலுக்கு வந்தது. அழிக்கக் கோரும் உரிமைக்கோ 18 மாதத் தவணை. மூடுவதற்கு அவசரம், கொடுப்பதற்கு அவகாசம்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றபோது, மனித கண்ணியத்தோடு சேர்த்தே அதைப் பேசினார்கள். இங்கே அது தலைகீழாகி நிற்கிறது: தொழிலாளியின் உடம்பு பொதுச்சொத்து, முதலாளியின் பெயர் அந்தரங்கம்.

அதற்காக, அந்தரங்கம் மேட்டுக்குடிச் சரக்கு என்று தள்ளிவிடுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அக்கா கேட்டது அந்தரங்கத்தைத்தான். நாம் கேட்க வேண்டியவை இரண்டு: சம்மதம் கேட்கப்படாதவருக்கும் அழிக்கும் உரிமை, 44(3)-ஐ நீக்குவது. அதுவரை, பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிற 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. மனுவில் மறக்காமல் அதை எழுதுங்கள்.

இன்னொன்று. அடுத்த விபத்தின் படம் உங்கள் போனுக்கு வரும். அனுப்பாதீர்கள். நானும் அனுப்பியிருக்கிறேன், ‘அம்பலப்படுத்துகிறோம்’ என்ற நினைப்பில். யாரை அம்பலப்படுத்தினேன் என்பது அக்கா கேட்ட பிறகுதான் உறைத்தது.