திரையில் தோன்றும் ஊர்தி: இனங்காணலும் பொருள்கோளும்

திரைப்படங்களில் தோன்றும் பழைய ஆடம்பர மோட்டார் வண்டிகளை இன்னவை எனத் துணிந்து கூறுதல் பொழுதுபோக்கு என்றே பலராலும் கருதப்படுகின்றது. வண்டியின் பெயரை அறிந்த அளவில் அம்முயற்சி நின்றுவிடின் அக்கருத்துப் பொருந்துவதே. ஆயின், கதையின் திருப்பமே ஒரு வண்டியைச் சார்ந்து அமையுமிடத்து, அதனை இனங்காணாது படைப்பின் பொருளை முற்ற உணர்தல் இயலாது. 1950-இல் வெளிவந்த பில்லி வைல்டரின் ‘சன்செட் பூலவார்ட்’ என்னும் அமெரிக்கப் படத்தைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். அக்கால உயர்தர வண்டிகள் பலவற்றை ஆக்கியோர் இருவர். பொறியும் சக்கரமும் தாங்கிய சேசிஸ் ஒரு நிறுவனத்தினது. வாங்குவோர் விருப்பிற்கேற்ப அதன்மேல் கையால் பாடி கட்டியோர் பிறிதொரு பட்டறையினர். ஆதலின், முகப்பிலுள்ள ரேடியேட்டரின் வடிவமும் முத்திரையும் சேசிஸுக்கே சான்றாகும். பாடி கட்டியவரை அறியக் கதவு, கூரை, மட்காப்பு ஆகியவற்றின் அமைப்பை நோக்குதல் வேண்டும். பழைய சேசிஸின்மேல் பின்னாளிற் புதுப் பாடி ஏற்றுதலும் உண்டு. ஏட்டின் காலம் வேறு, நூலின் காலம் வேறு என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

எண்பலகையும் யாண்டும் சான்றாகாது. ‘கோல்டுஃபிங்கர்’ (1964) படத்தில் வரும் 1937ஆம் ஆண்டின் ரோல்ஸ் ராய்ஸ் பேண்டம் 3, பார்க்கர் நிறுவனத்தார் பாடி கட்டியது. அது ‘ஏ.யு. 1’ என்னும் எண்ணைத் தாங்குகின்றது. அவ்விரண்டு எழுத்துகள் வேதியியலார் பொன்னுக்கு இட்ட குறி. வண்டியின் பாடியையே பொன்னாற் செய்து கடத்துவானது கதைக்கு அது தக்க குறிப்பேயன்றி, வண்டியின் வரலாற்றுக்குச் சான்றன்று.

இனி ‘சன்செட் பூலவார்டு’க்கு வருவோம். ஊமைப்பட நடிகை நார்மா டெஸ்மண்டின் கொட்டகையில் நிற்பது இத்தாலிய நாட்டு இசோட்டா ஃபிராஸ்கினி டிப்போ 8ஏ. நிறுவனத்தின் பெயரையும் 28,000 டாலர் விலையையும் அவளே கூறுகின்றாள், இஃது அகச்சான்று. பாடி கட்டிய மிலான் நகரக் கஸ்தாஞா பட்டறையின் பெயரை உரையாடல் கூறவில்லை. அது புறச்சான்றால் அறியப்படுவது. அவ்வண்டியில் 1932ஆம் ஆண்டின் உரிமப் பலகையைக் கண்ட எழுத்தாளன் ஜோ கில்லிஸ், வீட்டார் அவ்வாண்டே நீங்கிவிட்டனர் எனத் துணிகின்றான். சான்று மெய், துணிபு பொய். நின்றுபோனது வண்டி, தலைவியோ உள்ளேயே இருக்கின்றாள்.

வண்டி செல்வத்தின் அறிகுறி மட்டுமே என்பார் உளராயின், அக்கூற்று அமையாது. செல்வத்தைக் காட்ட வேறு வண்டிகளும் உள. ஒரே வரிசையில் எட்டுச் சிலிண்டரும் 7 லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவும் கொண்ட இவ்வண்டி, 1920களில் வேலன்டினோ போன்ற ஊமைப்பட நடிகர் விரும்பியது. போருக்குப் பின் அந்நிறுவனம் முயன்ற 8சி மான்டெரோசா ஒரு சில வண்டிகளோடு நின்றது. படம் வெளிவந்த காலத்தில் நடிகையைப் போன்றே வண்டியை ஆக்கியோரும் களத்தை நீங்கியிருந்தனர். இவ்வொப்புமை, வண்டியை இனங்கண்டார்க்கே புலனாவது.

பாரமவுண்ட் நிலையத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வருகின்றது. இயக்குநர் டிமில் தன்னை நடிக்க அழைக்கின்றார் என நம்பி, நார்மா அவ்வண்டியிலேயே செல்கின்றாள். நிலையத்தார் வேண்டியதோ வாடகைக்கு அவ்வண்டி மட்டுமே. வண்டியின் அருமையை உணர்ந்த ஒருவன் அதற்குரியவளைப் பொருட்படுத்தவில்லை. படத்தின் அவலம் இதன்கண் முனைப்புறுகின்றது.

இன்று தூரின் நகர மோட்டார் அருங்காட்சியகத்தில் அவ்வண்டியைக் காணலாம். அதன் பெயர், ஆண்டு, பட்டறை ஆகியவற்றைப் பிழையறக் குறித்தல் ஆய்வின் முதற்படி. அங்கேயே நின்றுவிடும் ஆய்வாளர், வண்டியை வேண்டி நடிகையை மறந்த நிலையத்தாரின் வேறாகார். பொருளை அறிதல், அதனொடு வாழ்ந்த மாந்தரை அறிதற்பொருட்டே என்க.