விளக்கு அணைவதற்கு முன்

ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனின் கச்சேரியில் இனிய பகுதி, குழு மேடையேறும் முன்பே வந்துவிடுகிறது. ஒலிபெருக்கியில் யூஎஃப்ஓ குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ ஒலிக்கும். வேறொருவர் பாட்டு, அதுவும் ஒலிப்பதிவு. ஆனால் அடுத்து வரப்போவது யார் என்று ரசிகருக்குத் தெரியும். மணிக்கணக்காக நின்று கடுத்த கால்கள் நிமிர்கின்றன. விரல்கள் முன்வரிசைத் தடுப்புக் கம்பியை இறுகப் பற்றுகின்றன. கறுப்புச் சட்டைக் கூட்டம் சேர்ந்து பாடுகிறது. பாட்டு முடிந்ததும் விளக்குகள் அணைகின்றன.

பிறகு, ஒலியைக் காதைவிட நெஞ்சுக்கூடுதான் அதிகம் உணர்கிறது. குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வெறும் விரல்களால் பேஸ் கிட்டாரை மீட்டுபவர். குதிரைக் குளம்படி போல் ஓடும் அந்தத் தாளத்தில் கம்பி அதிரும் ‘டக் டக்’ ஓசைகூடத் தனியே கேட்கும். எல்லாவற்றிலும் அழகு, 1992இல் வெளிவந்த ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ பாடல் தொடங்கும் கணம். கிட்டார் இழைக்கும் மெட்டை, சொல்லே இல்லாமல், அரங்கம் முழுவதும் ‘ஓ’ என்று பாடுகிறது. சுருதி அங்கங்கே முன்பின்னாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பதில் ஒருவரும் தவறுவதில்லை. ஒத்திகையே இல்லாத இந்தச் சேர்ந்திசை, ஒவ்வொருவரும் வீட்டில் தனியே ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு ஊறியது. முடிவில் மாண்டி பைதான் நகைச்சுவைக் குழுவின் சீழ்க்கைப் பாட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. ரீங்கரிக்கும் காதுகளோடு, தாமும் சீழ்க்கையடித்தபடி, கூட்டம் மெதுவாக வாசலை நோக்கி நகர்கிறது.