பட்டம் கொடுத்துப் பறித்த குடியரசு

சோவியத் ஒன்றியத்தில் ஒரு தன்னாட்சிக் குடியரசு முழு ஒன்றியக் குடியரசாக உயர மூன்று தகுதிகள் வேண்டும் என்று 1936 நவம்பரில் ஸ்டாலின் வகுத்துச் சொன்னார். நாட்டின் எல்லையோரத்தில் இருக்க வேண்டும். எந்த இனத்தின் பெயரைத் தாங்குகிறதோ அந்த இனம் அங்கே பெரும்பான்மையாகத் திரண்டு வாழ வேண்டும். மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் குறையக் கூடாது. ஏறத்தாழ 29 லட்சம் பேர் வாழ்ந்த தாத்தார் குடியரசு, எல்லையில் இல்லை என்பதால் கீழ்ப்படியிலேயே நிறுத்தப்பட்டது.

நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 1940 மார்ச் 31 அன்று, ரஷ்யாவுக்குள் தன்னாட்சிக் குடியரசாக இருந்த கரேலியா உயர்த்தப்பட்டு, கரேலோ-ஃபின்னிஷ் சோவியத் சோசலிசக் குடியரசு என்ற ஒன்றியக் குடியரசு பிறந்தது. 1939 கணக்கெடுப்பில் கரேலியாவின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. நூற்றுக்கு 63 பேர் ரஷ்யர், 23 பேர் கரேலியர். ஃபின்னியர் இரண்டு பேர்கூடத் தேறவில்லை. மூன்று தகுதிகளில் எல்லை ஒன்றுதான் பொருந்தியது. அந்த எல்லைக்கு அப்பால் இருந்தது ஃபின்லாந்து என்பதுதான் சங்கதியே.

1939 நவம்பர் 30 அன்று செம்படை ஃபின்லாந்துக்குள் நுழைந்தது. மறுநாளே தெரியோக்கி என்ற ஊரில் ஓட்டோ வில்லே கூசினென் தலைமையில் ஒரு 'ஃபின்னிஷ் மக்கள் அரசு' அறிவிக்கப்பட்டது. ஃபின்லாந்து விழுந்துவிடவில்லை. 1940 மார்ச் சமாதானத்தில் கொஞ்சம் நிலம் மட்டுமே மாஸ்கோவின் கைக்கு வந்தது. அங்கிருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபின்னியர் ஃபின்லாந்துக்குப் பெயர்ந்துபோனார்கள். அந்த நிலத்தின் பெரும்பகுதியைக் கரேலியாவோடு ஒட்டி, கூசினெனை அதன் உச்ச சோவியத் தலைமைக்குழுத் தலைவராக்கினார்கள். பேருந்து சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, 'ஃபின்னிஷ்' என்ற பெயரைப் போட்டு வைத்தது மாஸ்கோ.

இதைப் பொம்மைக் குடியரசு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது பாதி உண்மைதான். சோவியத் அமைப்பில் படிநிலைக்கு மதிப்பு இருந்தது. தேசிய இனங்களின் அவையில் ஒன்றியக் குடியரசுக்கு 25 இடம், தன்னாட்சிக் குடியரசுக்கு 11. 1940-லேயே பெத்ரோசவோத்ஸ்க் நகரில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் ஃபின்னிஷ் மொழி தடைசெய்யப்பட்டிருந்தது. சோவியத் கரேலியாவைத் தொடக்கத்தில் வழிநடத்திய எட்வர்ட் கில்லிங் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அப்படி ஒடுக்கப்பட்ட மொழி, ரஷ்ய மொழியோடு சேர்ந்து ஆட்சிமொழியாகத் திரும்பியது. போரில் சிதறடிக்கப்பட்ட, லெனின்கிராது வட்டாரத்து இங்க்ரிய ஃபின்னியரை 1949 முதல் காட்டு வேலைக்கு அழைத்துக் குடியேற்றியதும் இந்தக் குடியரசுதான். 1939-இல் சுமார் 8,300 ஆக இருந்த ஃபின்னியர் எண்ணிக்கை 1959-இல் 28,000-ஐ நெருங்கியது. கூரை கிடைத்தவர்களுக்கு அது பொம்மை அல்ல.

கரேலியர்களின் கதை வேறு. 1936-இல் பள்ளியில் சேர்ந்த ஒரு கரேலியக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். முதலில் லத்தீன் எழுத்தில் ஃபின்னிஷ் பாடம். 1937-க்குப் பிறகு அது குற்றமாகி, சிரிலிக் எழுத்தில் கரேலிய மொழி. 1940-இல் அந்தப் புத்தகங்களும் ஓரங்கட்டப்பட்டு மறுபடி ஃபின்னிஷ். கரேலியம் ஃபின்னிஷுக்கு நெருங்கிய உறவு, ஆனால் அதே மொழி அல்ல. குடியரசின் பெயர் பொருந்த வேண்டும் என்பதற்காகக் கரேலியரின் நாக்கு திருத்தப்பட்டது. இந்த ஏற்பாட்டின் ஆகப்பெரிய குறை இதுவே என்பேன்.

நிலத்திலும் இதே கதைதான். 1944 நவம்பரில் வீபோர்க் நகரும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் லெனின்கிராது மாகாணத்துக்குப் போயின. குடியரசின் தகுதிக்குச் சாக்காக இருந்த நிலத்திலேயே பெரும்பங்கு கைமாறியது.

1956 ஜனவரியில் பொர்க்கலா கடற்படைத் தளத்தை ஃபின்லாந்திடம் திருப்பிக் கொடுத்து மாஸ்கோ நல்லுறவு காட்டியது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கரேலியா மீண்டும் ரஷ்யாவுக்குள் தன்னாட்சிக் குடியரசானது. பெயரிலிருந்து 'ஃபின்னிஷ்' உதிர்ந்தது. மக்கள்தொகையின் இனச் சேர்க்கையும் ரஷ்யாவோடுள்ள பொருளாதாரப் பிணைப்பும் காரணங்களாகக் காட்டப்பட்டன. இரண்டும் 1940-லும் அப்படியேதான் இருந்தன! சோவியத் இலச்சினையில் ஒன்றியக் குடியரசுக்கு ஒன்றாக இருந்த 16 நாடாச் சுற்றுகள் 15 ஆயின. மாஸ்கோ கண்காட்சித் திடலில் 1954-இல் திறந்த 'மக்கள் நட்புறவு' நீரூற்றில் மட்டும் பொன்முலாம் பூசிய 16 பெண்கள் இன்றும் நிற்கிறார்கள்.

இதே உத்தி இன்னோர் எல்லையிலும் கையாளப்பட்டது. ருமேனியாவைக் குறிவைத்து 1924-இல் உக்ரைனுக்குள் மால்தாவியத் தன்னாட்சிக் குடியரசு அமைக்கப்பட்டது. அங்கும் மால்தாவியர் சிறுபான்மையே. ஆனால் 1940-இல் ருமேனியாவிடமிருந்து பெஸ்ஸராபியா கைக்கு வந்ததும் அது ஒன்றியக் குடியரசாகி நிலைத்தது. கரேலியாவுக்குக் கிடைக்காதது அந்த வெற்றிதான். அண்டை நாட்டைப் பார்த்து வழங்கும் உரிமைக்கு அண்டை நாட்டோடுள்ள உறவுதான் ஆயுள். உள்ளே வாழ்பவர்களுக்கு அதில் பிடி இல்லை.

1991-இல் எஞ்சியிருந்த 15 ஒன்றியக் குடியரசுகளும் தனி நாடுகளாயின. கரேலியா ரஷ்யாவின் ஒரு குடியரசாகத் தொடர்கிறது. அங்கே அரச மொழி ரஷ்யன் மட்டுமே. கரேலிய மொழிக்கு அந்தத் தகுதி இன்றுவரை தரப்படவில்லை.