நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

வேர்ட்பிரஸ் தளத்துக்கு எந்தச் செருகுநிரலைப் போடலாம்னு கேட்டால், “எத்தனை பேர் வச்சிருக்காங்க, எத்தனை நட்சத்திரம்னு பாருங்க” என்பார்கள். என்னைக் கேட்டால், அது அரைகுறை அளவுகோல்.

2017இல் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற செருகுநிரல் கைமாறியது. அப்போது அது சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. அடுத்து வந்த அப்டேட்களில் பின்கதவு ஒன்றும் சேர்ந்தே வந்தது. அதன் வழியே தளங்களில் ஸ்பாம் பக்கங்கள் ஏறின. லாகின் செய்திருப்பவர்களுக்கு மட்டும் அவை தெரியாது. அதாவது, வீட்டுக்காரருக்கே தெரியாது!

நட்சத்திரமெல்லாம் பழைய ஆள் சம்பாதித்தது. சாவி இப்போ யார் கையில்? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வேண்டாததை முடக்கி வைக்காமல் அழித்தே விடுகிறேன். முடக்கினாலும் கோப்புகள் சர்வரில்தான் கிடக்கும். உங்க தளத்தில் எத்தனை கிடக்கு?